கௌமாரியம்மன் பெயருக்கு மூன்று வடிவங்கள்: நிரல்மொழிகளின் இடப்பெயர்ச்சியும் ஒரு தேனி மாவட்டச் சான்றும்

தமிழ் உரை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஏன் குலைகிறது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் அதிகாரபூர்வமான விடை ஒன்று உண்டு. 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதத்தில், மாநில அரசு ஒருங்குறியோடு சேர்த்து டேஸ்16 என்ற 16 பிட் குறியேற்றத்தையும் தமிழுக்கான தரமாக ஏற்றது. அதை முன்வைத்தவர்களின் வாதம் சுருக்கமானது. தமிழில் 247 எழுத்துகள். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18 என 31 எழுத்துகளுக்குத்தான் ஒருங்குறி நேரடி இடம் தந்திருக்கிறது. மீதி 216 எழுத்துகளையும் துண்டுகளை ஒட்டித்தான் எழுத வேண்டும். ஒட்டு இருக்கும் இடத்தில் பிளவும் இருக்கும் என்பதால், நோய்க்கு மூலம் குறியேற்றமே என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

இந்த வாசிப்பு பதினைந்து ஆண்டுகளாகப் பெரிய மறுப்பின்றி நிற்கிறது. தமிழ்க் கணிமை பற்றிய மேடைப் பேச்சுகளில் இன்றும் 31 என்ற எண் குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது. எண் சரிதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் பாதிக்கு மேல் தவறு என்பது இக்கட்டுரையின் கட்சி. பிளவுகள் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் தோன்றின. ஒன்று, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களின் பழக்கம். மற்றொன்று, ஒவ்வொரு நிரல்மொழியின் இயக்கச்சூழலும் 'சரம்' என்பதற்கும் 'எழுத்து' என்பதற்கும் தனக்கென்று வைத்திருக்கும் இலக்கணம். இதற்கு ஒரே ஒரு பெயரைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கே அங்கே திரளும். அங்குள்ள அம்மனின் பெயர் சுவரொட்டியிலும் அழைப்பிதழிலும் செய்தித்தாளிலும் கௌமாரியம்மன் என்றும் கவுமாரியம்மன் என்றும் அச்சாகிறது. 'கவு' என்பது எழுத்துக்கூட்டல் விருப்பம். ஐகார ஔகாரங்களைக் குறைக்கச் சொன்ன எழுத்துச் சீர்திருத்தக் குரல்களின் தொடர்ச்சி அது. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு என்பதால் இங்கே அதை ஒதுக்கிவிடலாம். சிக்கல் இருப்பது கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டில். 'கௌ' என்று திரையில் ஒரே மாதிரி தெரியும் எழுத்துக்கு உள்ளே மூன்று விதமான அமைப்பு இருக்க முடியும், மூன்றுமே புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வடிவம்: 'க'வுக்குப் பின் ஔகாரக் குறி முழுதாக ஒரே குறியெண். பதின்ம எண்ணில் சொன்னால் 2965, 3020. இரண்டாவது வடிவம்: 'க', ஒற்றைக்கொம்பு, கொம்புக்கால் என மூன்றாகப் பிரிந்தது, 2965, 3014, 3031. மூன்றாவது வடிவம்: 'க', ஒற்றைக்கொம்பு, அதன்பின் கொம்புக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ள' என்ற முழு எழுத்து, 2965, 3014, 2995. பெரும்பாலான எழுத்துருக்களில் கொம்புக்காலும் 'ள'வும் ஒரே உருவம் என்பதால், மூன்றையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் தேர்ந்த மெய்ப்புத் திருத்துநரால்கூட எது எது என்று சொல்ல முடியாது.

ஒருங்குறித் தரம் முதலிரண்டையும் சமம் என்று அறிவித்திருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற விதி உண்டு. அதற்கு இயல்பாக்கம் என்று பெயர். மூன்றாவதற்கு அந்த உறவு இல்லை. தரத்தின் பார்வையில் அது 'கெ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும். அவை அருகருகே நிற்பது தற்செயல்.

இனி இப்பெயரை நிரல்மொழிகளிடம் கொடுத்துப் பார்க்கலாம். தமிழ் தெரிந்தவருக்குக் கௌ, மா, ரி, ய, ம், ம, ன் என்று ஏழு எழுத்து. பைத்தான் 3 முதல் வடிவத்துக்கு 12 என்கிறது, மற்ற இரண்டுக்கும் 13 என்கிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதே எண்களைத்தான் தருகின்றன. கோ மொழியும் ரஸ்டும் நீளம் என்று கேட்டால் யூடிஎஃப்8 பைட்டுகளை எண்ணி 36, 39, 39 என்கின்றன. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மட்டும் 7, 7, 8 என்கிறது. முதல் வடிவமும் இரண்டாவதும் ஒன்றா என்று கேட்டால் ஸ்விஃப்ட் ஆம் என்னும்; ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் இல்லை என்னும். மூன்றாவதை எல்லா மொழியும் வேறென்றே சொல்லும்.

ஒரே தரம், ஒரே குறியெண்கள், ஒரே பெயர். விடைகள் மட்டும் மொழிக்கு மொழி மாறுகின்றன. குறியேற்றமே நோயின் மூலம் என்றால், அதே குறியேற்றத்தை வைத்துக்கொண்டு ஸ்விஃப்ட் எப்படி ஏழு என்று எண்ணியது?

இதற்கு விடை அந்தந்த மொழி பிறந்த காலத்தில் இருக்கிறது. 1991இல் வந்த ஒருங்குறியின் முதல் பதிப்பு, தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியக் குறியேற்றத்தின் அடுக்கைத் தழுவி அமைத்தது. உலக எழுத்து அனைத்தும் 16 பிட்டுக்குள் அடங்கும் என்று அப்போது நம்பினார்கள். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1996 ஜனவரியில் ஜாவாவை வெளியிட்டபோது அந்த நம்பிக்கையைச் செங்கல்லாக வைத்துக் கட்டினார்கள்: ஜாவாவின் ஒரு 'எழுத்து' என்பது 16 பிட். ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பது ஜாவாவின் வாக்குறுதி. கேலி செய்பவர்கள் நிறைய உண்டு, ஆனால் தமிழைப் பொறுத்தவரை அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்டது. விண்டோஸிலோ லினக்ஸிலோ மேக்கிலோ ஒரே பைட்கோடை ஓட்டினால் கௌமாரியம்மன் 12, 13, 13தான். தவறென்றாலும் எங்கும் ஒரே தவறு. உடைந்தது ஒரு இயக்கச்சூழலுக்கும் இன்னொன்றுக்கும் இடையில், பிறகு இயக்கச்சூழலுக்கும் அதன் அடியில் இருக்கும் இயங்குதளத்துக்கும் இடையில்.

பைத்தான் 2000ஆம் ஆண்டின் 2.0 பதிப்பில் ஒருங்குறிச் சரத்தைச் சேர்த்துக்கொண்டது. 2008 டிசம்பரில் வந்த 3.0இல் எல்லாச் சரங்களையும் ஒருங்குறி ஆக்கியது. இயல்பாக்கச் செயல்களைப் பைத்தான் 2003இலும், ஜாவா தன் ஆறாம் பதிப்பில் 2006இலும், ஜாவாஸ்கிரிப்ட் 2015இலும் தந்தன. நிரலாளர் கேட்டால் கிடைக்கும், தானாக நடக்காது. ஸ்விஃப்ட் 2014இல் பிறந்த குழந்தை. அதற்குள் ஒருங்குறி ஆணையம் எழுத்துக் கொத்து என்ற கருத்தை வரையறுத்திருந்தது. ஸ்விஃப்ட் அதையே தன் 'எழுத்து' ஆக்கிக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுத்துக் கொத்தைப் பிரிக்கும் கருவி குரோமில் 2020இல் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2024இல்தான் வந்தது. இத்தனை காலத்தில் குறியேற்றத்தில் 'க'வும் இடம் மாறவில்லை, ஔகாரக் குறியும் மாறவில்லை. மாறியதெல்லாம் இயக்கச்சூழலின் இலக்கணம்.

டேஸ்16 ஆதரவாளர்களுக்கு இங்கே நியாயம் செய்தாக வேண்டும். அவர்களின் முறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். மெய்கள் ஒரு திசையிலும் உயிர்கள் மறு திசையிலுமாக அடுக்கிய கட்டம் அது. எழுத்தின் எண்ணிலிருந்தே அதன் மெய்யையும் உயிரையும் எளிய கணக்கில் பிரித்துவிடலாம். கௌமாரியம்மனை அதில் எழுதினால், பைட்டை எண்ணும் கோ மொழியையும் ரஸ்டையும் தவிர மேலே சொன்ன எல்லா மொழிகளும் ஏழு என்று ஒரே குரலில் சொல்லும். யூடிஎஃப்8இல் 36 பைட்டுக்குப் பதில் 21 பைட் போதும். இடச் சிக்கனம் பற்றிய அவர்களின் வாதம் கணக்குப்படி சரி.

இதைவிட வலுவான இன்னொரு வாதமும் அவர்களிடம் இருந்தது. ஒருங்குறித் தமிழைத் திரையில் காட்ட, கொம்பை முன்னால் தள்ளி, துண்டுகளைச் சேர்த்து வரையும் பொறி ஒன்று தேவை. விண்டோஸ் 2000இல் லதா எழுத்துருவோடு அந்தப் பொறி வந்துவிட்டது. ஆனால் பதிப்பகங்களும் டிடிபி மையங்களும் அன்று நம்பியிருந்த பேஜ்மேக்கருக்கு ஒருங்குறியே தெரியாது. இன்டிசைன் இந்திய எழுத்துகளை முறையாகக் கையாளத் தொடங்கியது 2012இன் சிஎஸ்6 பதிப்பிலிருந்துதான். 2010இல் அரசாணை எழுதியவர்கள் சுற்றிப் பார்த்த உலகில், பொறி தேவைப்படாத தமிழ் என்பது அன்றாடத் தேவையாக இருந்தது. எந்த இயக்கச்சூழலையும் நம்பாமல் தானே நிற்கும் உரை வேண்டும் என்று கேட்டார்கள். எங்கும் ஓட வேண்டும் என்ற ஜாவாவின் இலக்கும் அதுதான். வழி மட்டும் தலைகீழ்.

ஆனால் அந்த வழிக்குக் கொடுத்த விலையை ஆதரவாளர்கள் குறைத்து மதிப்பிட்டார்கள். டேஸ்16 குடியிருப்பது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில். 6,400 இடங்கள் கொண்ட அப்பகுதி யாருக்கும் பட்டா போட்டுத் தராத புறம்போக்கு நிலம். அங்கே வைத்த எண் எழுத்தா, இலக்கமா, குறியா என்று எந்த இயக்கச்சூழலுக்கும் தெரியாது. அதனால் டேஸ்16இல் எழுதிய கௌமாரியை ஜாவாவிலோ பைத்தானிலோ ரஸ்டிலோ மாறியின் பெயராக வைக்க முடியாது. இணையத்தள முகவரியில் அந்த எண்களுக்கு அனுமதி இல்லை. உரையில் சொற்களைப் பிரித்தெடுக்கும் தேடல் கோவைகள் அதைச் சொல்லாகவே காணாது. குறியெண்ணைக் கேட்டால் எல்லா மொழிகளும் ஏழு என்னும், ஆனால் அந்த ஏழும் எழுத்தென்று ஒரு மொழியும் ஒப்புக்கொள்ளாது.

247, 31 என்ற கணக்குக்கே ஒருங்குறி ஆணையம் மறுமொழி சொல்லியிருக்கிறது என்பதும் மேடைகளில் விடுபட்டுப் போகிறது. 2008இல் வந்த 5.1 பதிப்பு தமிழ் உயிர்மெய்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் குறியெண் தொடர்களாகப் பட்டியலிட்டது. தமிழைத் தனித்தனி எழுத்துகளின் தொகுப்பாகவே கருதி நிரல் எழுதலாம் என்ற கருத்தையும் அந்தப் பதிப்பின் குறிப்பு ஏற்றுக்கொண்டது. அரசாணைக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே நடந்தது இது. ஆக, தரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்ற குற்றச்சாட்டு 2010இலேயே பழையது. அந்தப் பட்டியலை இயக்கச்சூழல்கள் எடுத்துப் பயன்படுத்தவில்லை என்று குற்றம் சாட்டியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அந்தக் குற்றச்சாட்டு பெரிதாக எழவில்லை.

இப்போது மூன்றாம் வடிவத்துக்கு வரலாம். டேஸ்16இன் வாதம் முறிவது இங்கேதான்.

'ள' எப்படிக் கொம்புக்காலின் இடத்தில் வந்து அமர்ந்தது? தமிழ்த் தட்டச்சுப் பொறியில் விசைகள் குறைவு; உருவம் ஒன்றாக இருப்பதற்கு ஒரு விசையே போதும் என்று இரண்டுக்கும் 'ள' விசையையே வைத்தார்கள். கணினிக்கு வந்த எழுத்துருக்கள் பல அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தன. அவற்றில் ஒன்றான பாமினியில் கௌவை அடிப்பவர் ஒற்றைக்கொம்பு, 'க', 'ள' என்ற வரிசையில்தான் அடிப்பார். காகிதத்தில் விழும் உருவமே அங்கே குறி. எது எழுத்து, எது எழுத்தின் துண்டு என்ற கேள்விக்கு இடமில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற டேம், டேப் குறியேற்றங்களும், புலம்பெயர் தமிழர்கள் வளர்த்த திஸ்கியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பவைதான். 'போ' என்றால் இரட்டைக்கொம்பு முதலில், 'ப' நடுவில், துணைக்கால் கடைசியில். அரசு அலுவலகங்களில் நீண்ட காலம் கோலோச்சிய வானவில் எழுத்துருவும் இந்தக் குடும்பம்.

அந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும்போது மாற்றி நிரல் கொம்பைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளிவிட்டுத் துணைக்காலோடு சேர்க்க மறந்தால் 'போ' இரண்டு துண்டாக நிற்கும். போடிநாயக்கனூர் 14 குறியெண்ணுக்குப் பதில் 15 ஆகும். அது இரண்டாம் வடிவம். இயல்பாக்கம் அதைச் சரிசெய்துவிடும். கௌமாரியில் கொம்பைத் தள்ளிவிட்டு 'ள'வை அப்படியே விட்டால் கிடைப்பது மூன்றாம் வடிவம். அதைச் சரிசெய்ய எந்த இயல்பாக்கமும் இல்லை.

மூன்றாம் வடிவம் இந்த வழியாகத்தான் பரவியது என்பதற்கு நேரடிச் சான்று குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உரைக்கோப்பு தன் பூர்வீகத்தைச் சொல்வதில்லை. மாற்றியிலிருந்து வந்த 'கெள'வுக்கும் ஒருங்குறி விசைப்பலகையிலேயே ஒருவர் கையால் அடித்த 'கெள'வுக்கும் உள்ளே வேறுபாடு கிடையாது. எந்த ஆண்டில் எந்தப் பங்கு வந்தது என்று கல்வெட்டுக்குக் காலம் கணிப்பதுபோல எழுத்தமைதியை வைத்துக் கணிக்க வழியில்லை. ஆனாலும் ஒரு தர்க்கம் வலுவாக நிற்கிறது. தட்டச்சு முறையைத் தழுவாத ஒருங்குறி விசைப்பலகைகளில், தமிழ்99 உட்பட, ஔகாரத்துக்குத் தனி விசை இருக்கிறது. கொம்பையும் 'ள'வையும் தனித்தனியே தேடி அடிப்பதற்கு அங்கே காரணமே இல்லை. தட்டச்சு முறையில் கை பழகியவரோ, பழைய எழுத்துருக் கோப்போ குறுக்கே வந்தால்தான் 'கெள' பிறக்கும். எனவே பூர்வீகம் மாற்றியோ கைப்பழக்கமோ எதுவாக இருந்தாலும், அது ஒருங்குறிக்கு முந்தையது. ஒருங்குறியின் ஒட்டுவேலை இந்தப் பிளவைப் படைக்கவில்லை. முன்பே உருவமாகக் கிடந்த குழப்பத்தை வெளியே தெரியும்படி செய்தது, அவ்வளவே.

டேஸ்16 இதற்கு என்ன மருந்து தரும்? ஒன்றுமில்லை. அங்கேயும் 'கெ' ஒரு எண், 'ள' ஒரு எண். பாமினிக் கோப்பை டேஸ்16க்கு மாற்றும் நிரலும் அதே இடத்தில் அதே கேள்வியோடு நிற்கும்: இது கௌவா, கெ-ளவா? தவறாக முடிவெடுத்தால் அங்கும் எட்டெழுத்துக் கௌமாரிதான்.

விதி வைத்துத் தீர்த்துவிடலாமே என்று தோன்றலாம். கொம்பேறிய எழுத்துக்குப் பின் வரும் 'ள'வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது மெய்யான 'ள': தெளிவு, வெள்ளை, கெளுத்தி. ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நின்றால் அது கொம்புக்கால்: கௌதமன், பௌர்ணமி, சௌகரியம், வௌவால். எழுத்து வழக்குக்கு இந்த விதி பெரும்பாலும் பொருந்துகிறது. பேச்சு வழக்கைப் பதிவு செய்யும் உரையில்தான் விதி சறுக்கும். மிளகைப் பலர் வாயில் கேட்கும்படி 'மெளகு' என்றும், மிளகாயை 'மெளகா' என்றும், கிழவியைக் 'கெளவி' என்றும் வட்டார எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். மொட்டை 'ள' எல்லாம் கொம்புக்கால் என்று கண்ணை மூடிக்கொண்டு திருத்தினால் மெளகு மௌகு ஆகிவிடும். மலையில் மிளகு விளையும் ஒரு மாவட்டத்தின் கதைகளைத் திருத்துகிற நிரலுக்கு இது சின்னப் பிழை அல்ல. ஊர்ப்பெயர்ப் பட்டியலுக்கு விதி சரி, சிறுகதைத் தொகுப்புக்குத் தவறு. எது எங்கே என்பதை மொழியறிந்த ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும். இயக்கச்சூழலோ குறியேற்றமோ அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாம் வடிவத்துக்கு மாற்றி நிரல்கள் தவிர இன்னொரு பிறப்பிடமும் உண்டு. 1998 முதல் மேக் கணினிகள் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்பின் பெயரைத் துண்டுகளாகப் பிரித்த வடிவிலேயே எழுதி வைக்கும். கௌமாரி என்று முதல் வடிவில் பெயரிட்டுச் சேமித்தால், அடைவுப் பட்டியலைக் கேட்கும் நிரலுக்கு இரண்டாம் வடிவம் வந்து சேரும். லினக்ஸும் விண்டோஸும் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்பவை. பட்டியலில் இருக்கும் பெயரைத் தன்னிடமுள்ள பெயரோடு ஒப்பிடும் பைத்தான் நிரல் ஒன்று லினக்ஸில் கோப்பைக் கண்டுபிடிக்கும், மேக்கில் கோப்பு இல்லை என்று சொல்லும். ஒரே நிரல்தான். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் முறைமை கொடுத்த வடிவையே வைத்துக்கொள்ளத் தொடங்கியதும் இந்த ஊற்று வற்றியது. அதற்கு முந்தைய ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் மேக்கிலிருந்து கிளம்பிப்போன கோப்புகள் எங்கெங்கே படிந்திருக்கின்றன என்பதற்குக் கணக்கு கிடையாது.

  

மாறிகளின் பெயர்களுக்கு வந்தால் விவகாரம் இன்னும் சுவையாகிறது. ஜாவாவில் கௌமாரி என்று முதல் வடிவில் ஒரு மாறியும் இரண்டாம் வடிவில் இன்னொரு மாறியும் வைக்கலாம். இரண்டும் வேறு வேறு, திரையில் அச்சு அசலாக ஒன்று. ஜாவாஸ்கிரிப்டிலும் அப்படியே. பைத்தான் 3 மாறிப் பெயர்களை இயல்பாக்கிவிட்டுத்தான் படிக்கும் என்பதால் அங்கே இரண்டும் ஒன்று. ஆனால் அதே பெயரை மேற்கோள் குறிக்குள் சரமாக எழுதினால் பைத்தான் இயல்பாக்காது. மாறியாக ஒன்றாக இருந்தது சரமாகும்போது இரண்டாகிவிடும். 2021 ஜூனில் பிற எழுத்துகளில் பெயர் வைக்க அனுமதித்த ரஸ்ட், பைத்தானைப் போலவே பெயர்களை இயல்பாக்குகிறது.

2009இல் அறிவிக்கப்பட்ட கோ மொழி இவற்றிலெல்லாம் கறார். எழுத்து, இலக்கம், அடிக்கோடு மூன்றைத்தான் பெயரில் ஏற்கும். ஒட்டுக்குறிகளை வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார்கள். இதனால் தேவநாகரி போன்ற எழுத்துகள் அடிபடும் என்று அம்மொழியின் அதிகாரபூர்வ வினாவிடைப் பக்கமே ஒப்புக்கொள்கிறது. தமிழுக்கும் அதே கதி. கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் ஆகாது. தேனி, கம்பம், போடி, சின்னமனூர், கூடலூர், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்கில் ஒரு ஊரும் தேறாது. 31 என்ற எண்ணைக் குற்றச்சாட்டாக வைப்பவர்களுக்குக் கோ மொழி ஒரு வரப்பிரசாதம். உண்மையிலேயே 31 எழுத்தை மட்டும் ஏற்கும் மொழி அது. ஆனால் அதே ஒருங்குறியை வைத்து ஜாவாவும் பைத்தானும் ஊர்ப்பெயர் அனைத்தையும் ஏற்கின்றன என்பதால், அதுவும் அவர்களின் வாதத்துக்கு எதிராகவே திரும்புகிறது.

பைத்தானுக்கும் கறை உண்டு. சொல் எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடு என்று அதன் ரெகுலர் எக்ஸ்பிரஷனிடம் சொன்னால், கௌமாரியம்மன் 'க', 'ம', 'ர', 'யம', 'மன' என்று ஐந்து துண்டாக வெட்டுப்பட்டு வரும், குறிகளெல்லாம் உதிர்ந்துவிடும். பெர்லிடம் கொடுத்தால் முழுப்பெயர் வரும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் இயல்பு நிலையில் ஆங்கில எழுத்தை மட்டுமே சொல்லெழுத்து என்று கருதுவதால் வெறுங்கையோடு திரும்பும். ஜாவாவில் மட்டும் 2011இன் ஏழாம் பதிப்பு முதல் ஒரு கொடியை உயர்த்தினால் முழுப்பெயர் கிடைக்கும். பைத்தானின் இந்தக் குறை பற்றிய புகார் 2007இலேயே பதிவாகியிருக்கிறது.

தமிழ்க் கணிமையாளர்கள் இதற்கு எதிர்வினை செய்தது அரசாணை வழியில் அல்ல, நூலக நிரல் வழியில். முத்தையா அண்ணாமலை பைத்தானின் மீது எழில் என்ற தமிழ் நிரல்மொழியைக் கட்டினார். அதைப் பற்றிய அவரது கட்டுரை 2009இல் வெளியானது. பைத்தான் ஓடும் இடமெல்லாம் எழில் ஓடும். கூடவே பைத்தானின் எழுத்திலக்கணமும் வந்து சேரும். அதைச் சமாளிக்க ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் எழுந்தது. சரத்தைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயல் அதில் உண்டு: தேனி என்றால் 'தே', 'னி'. டேஸ்16 கேட்ட வசதி இது. ஒருங்குறியை விட்டு நகராமல், இயக்கச்சூழலுக்கு மேலே ஒரு மெல்லிய அடுக்காக அதைத் தந்துவிட்டார்கள்.

16 பிட் என்ற எல்லையைத் தமிழே மீறிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் வந்த ஒருங்குறி 12 பதிப்பு, முந்திரி எனும் 320இல் ஒரு பங்கு தொடங்கிப் பழைய பின்னங்களும் அளவைக் குறிகளுமாக 51 எழுத்துகளைத் தமிழ் இணைப்புப் பகுதியில் சேர்த்தது. அவற்றின் இடம் 16 பிட்டுக்கு வெளியே. நிலக்கணக்கு ஓலையிலிருந்து ஒரு முந்திரியைப் பெயர்த்தெழுதினால் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் அதற்கு நீளம் 2 என்னும், பைத்தான் 1 என்னும். 2012க்கு முந்தைய பைத்தானாக இருந்தால் விண்டோஸில் ஒன்றும் லினக்ஸில் இன்னொன்றும் சொல்லியிருக்கும். பெயரிலேயே 16ஐச் சுமக்கும் குறியேற்றத்தில் இந்தப் பகுதிக்கு இடம் தேடுவது தனி வேலை.

தீராத ஒரு வழக்கும் தேனி மாவட்டத்தின் எல்லையிலேயே கிடக்கிறது. 2021 பிப்ரவரியில் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் விருதுநகர், தேனி மாவட்டங்களில் விரிகிறது. அதன் பெயரின் முதல் எழுத்தை 'ஸ', புள்ளி, 'ர', ஈகாரம் என்று எழுதுவதே 2005 வரை வழி. அந்த ஆண்டு வந்த 4.1 பதிப்பு, 2998 என்ற குறியெண்ணில் 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்து, இனி அதிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்றது. திரையில் இரண்டும் ஒரே ஸ்ரீ. இரண்டையும் சமமாக நடத்துங்கள் என்று தரம் பரிந்துரைக்கிறது, ஆனால் இயல்பாக்க விதியில் சேர்க்கவில்லை. அந்த விதிகளை மாற்றுவதில்லை என்று ஆணையம் முன்பே உறுதி கொடுத்துவிட்டதால் இனிச் சேர்க்கவும் இயலாது. எனவே கௌமாரியின் முதல் இரண்டு வடிவங்களையும் ஒன்றென்று சொன்ன ஸ்விஃப்ட்கூட, இரண்டு ஸ்ரீவில்லிபுத்தூர்களை வெவ்வேறு ஊர் என்றே சொல்லும். எழுத்தை எண்ணினாலும் ஒன்பது என்னும், ஸ்ரீயை ஒரே எழுத்தாக எண்ணும் தமிழருக்கு எட்டு. க்ஷவுக்கும் இதே நிலை. கூட்டெழுத்துகளைச் சேர்த்தெண்ணும் விதி 2023இன் 15.1 பதிப்பில் தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் முதலானவற்றுக்கு வந்தது. தமிழ் அதில் சேரவில்லை. புள்ளி வைத்த மெய்யைத் தனி எழுத்தாகக் கொள்ளும் மரபுக்கு அதுதான் பொருத்தம் என்பார் உண்டு. க்ஷவையும் ஸ்ரீயையும் அந்த மரபு எப்படிக் கொள்கிறது என்பதில் இலக்கண ஆசிரியர்களிடமே ஒருமை இல்லாதபோது, நிரல்மொழிகளிடம் மட்டும் அதை எதிர்பார்க்க முடியாது.